'ஓம்' எண்டு சொல்லாதை

வன்னியில் ஒருவர் 'ஓம்', அதாவது ஆம், என்று சொன்னால் அதற்கு ஆறேழு பொருள் உண்டு. விளங்கிவிட்டது என்பது ஒன்று. விளங்கவில்லை, ஆனால் கேட்க வெட்கமாக இருக்கிறது என்பது இன்னொன்று. நீ சின்னப்பிள்ளை, சொல்லி முடி, பிறகு நான் எனக்குத் தெரிந்தபடி செய்கிறேன் என்பதும் 'ஓம்' தான். 'ஓமோம்' என்று இரட்டித்தால் காரியம் அநேகமாக நடக்காது, கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டுப் போனவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பிறந்ததிலிருந்து இந்த 'ஓம்'களுக்கு நடுவில் வளர்ந்த எனக்கு, எட்டுப் பேரை வைத்து மிதிவெடி நிலத்தில் வேலை செய்விக்க வேண்டி வந்தபோது மட்டும் அது மறந்துபோய்விட்டது.

2011-ல் கண்ணிவெடி அகற்றும் வேலையில் சேர்ந்தேன். முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பித் தறப்பாள் கொட்டிலில் இருந்துகொண்டு, மாதம் முடிய சம்பளம் வருகிற வேலை எது என்று தேடினால் எங்கள் பக்கத்தில் அப்போது கண்ணில் பட்டது அதுதான். கூட வந்த பெண்களில் பலர் வீட்டில் உழைக்க வேறு ஆளில்லாதவர்கள். இரண்டு வருடத்தில் என்னை செக்சன் லீடர் ஆக்கினார்கள். அப்போது வயது 25. ஏ.எல்., அதாவது உயர்தரம், வரை படித்திருந்தேன், படிவம் நிரப்பத் தெரியும், வரைபடம் பார்க்கத் தெரியும், தகுதி அவ்வளவுதான். எனக்குக் கீழே இருந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் என்னைவிட மூத்தவர்கள். ஒரு அண்ணைக்கு என் மாமாவின் வயது. ஒரு அக்கா இருந்தா, நாற்பதை நெருங்கினவ, அதிகம் கதைக்க மாட்டா, எதைச் சொன்னாலும் ஒரே ஒரு 'ஓம்'. இந்தக் கட்டுரையில் அவவை அக்கா என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

லீடராகப் போகிற பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்து ஒரு பயிற்சி வைத்தார்கள். பழக்க வந்தவர் முன்பு பிரிட்டிஷ் படையில் லெப்டினன்டாக இருந்த ஒரு வெள்ளைக்காரர். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடிக்கவில்லை. சீருடை போட்ட ஆட்களைப் பார்த்து வாழ்க்கை முழுதும் ஒதுங்கி நடந்த ஊரில், படையில் இருந்தவரிடம் போய் ஆட்களை எப்படி நடத்துவது என்று படிப்பதா? இதே மண்ணில் இருபது வயதில் அணிகளை நடத்தினவர்களும் இருந்தார்கள், அது எல்லோருக்கும் தெரியும், அதைப் பற்றி எழுதுவதற்கு இது இடமில்லை. ஆனால் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் மனதிலும் அது இருந்தது. வெள்ளைக்காரருக்கு அது தெரியுமா தெரியாதா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. அவர் பத்துச் சொல்லில் சொன்னதை மொழிபெயர்க்க வந்த தம்பி நாற்பது சொல்லில் சொன்னான்.

முதல் நாள் அவர் தன்னைப் பற்றித்தான் கதைத்தார். சான்ட்ஹர்ஸ்ட் என்ற இடத்தில் 44 கிழமை பயிற்சி. வெளியே வரும்போது அவருக்கு 23 வயது. கையில் முப்பது பேர் கொண்ட ஒரு பிளாட்டூன். அந்த முப்பது பேருக்கும் மூத்தவராக ஒரு சார்ஜன்ட், பத்துப் பன்னிரண்டு வருடம் படையில் இருந்தவர், போரையும் பார்த்தவர். முறைப்படி சார்ஜன்ட் இவருக்குக் கீழே. 'சேர்' என்றுதான் கூப்பிட வேண்டும். "அந்த மனிசன் 'சேர்' எண்டதை இருபது விதமாச் சொல்லும். ஒரு 'சேர்' எண்டால் நல்ல யோசனை. இன்னொரு 'சேர்' எண்டால் நீ ஒரு முட்டாள். எனக்கு அந்த இருபதையும் பிரிச்சறிய ஆறு மாசம் எடுத்தது." தம்பி இதை மொழிபெயர்த்து முடித்ததும் நான் சிரித்துவிட்டேன். எங்கள் 'ஓம்' அங்கேயும் இருக்கிறது, சீருடை போட்டுக்கொண்டு.

சின்ன அணியை நடத்துவது என்றால் என்ன என்று படைகள் நீண்ட காலமாக மண்டையைப் போட்டு உடைத்திருக்கின்றன. இதை நான் பிறகுதான் தேடித்தேடி வாசித்தேன். எல்லாப் படையிலும் அடியில் கிடக்கிற கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான்: எட்டு முதல் பத்துப் பேர் ஒரு செக்சன், மூன்று செக்சன் சேர்ந்தால் ஒரு பிளாட்டூன். ஒரு ஆளின் சத்தம் எட்டும் தூரம், ஒரு ஆள் ஒரே நேரத்தில் கவனம் வைக்கக்கூடிய முகங்களின் எண்ணிக்கை, அதற்குமேல் போனால் இன்னொருவர் வேண்டும். பிரிட்டிஷ் படையில் எட்டுப் பேரை நடத்துவது கோப்ரல், லெப்டினன்ட் இல்லை. அந்தக் கணக்குப்படி நான் கோப்ரல். ஆனால் அவர் எங்களுக்குத் தந்தது லெப்டினன்டுகளுக்குக் கொடுக்கிற படிப்பு. தன்னிடம் இருந்தது அதுதான், அதனால் அதைத் தந்தார் என்று நினைக்கிறேன்.

ஆட்களைத் தெரிவு செய்வதிலேயே தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1942-ல், பிரிட்டனில் அதிகாரிகளைத் தெரிவு செய்வதற்குப் புதுவிதமான சபைகளை அமைத்தார்கள், மனநல மருத்துவர்களும் அதில் இருந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த சோதனை ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். ஏழெட்டுப் பேரிடம் ஒரு வேலையைக் கொடுப்பது, யார் தலைவர் என்று சொல்லாமல் விடுவது, பிறகு ஒதுங்கி நின்று பார்ப்பது. யார் கத்துகிறான் என்று பார்ப்பதில்லை. கத்துகிறவன் சொல்வதை யார் கேட்கிறார்கள், யார் ஒரு சொல் சொன்னவுடன் மற்றவர்கள் பலகையைத் தூக்குகிறார்கள் என்று பார்ப்பது. இந்தியாவிலும் படைக்கு ஆள் எடுக்கும்போது கயிறும் பலகையும் பீப்பாவுமாக இந்தச் சோதனை நடக்கிறது. சென்னைப் பறங்கிமலையில் இருக்கிற அதிகாரிகள் பயிற்சிக் கழகத்துக்குப் போகிறவர்களும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். 1992 முதல் அங்கே பெண்களையும் பழக்குகிறார்கள். எங்கள் ஊரில் இந்தச் சோதனைக்குப் பலகையும் வேண்டாம், பீப்பாவும் வேண்டாம். சாவீட்டில் பந்தல் போடுகிற இடத்தில் அரை மணித்தியாலம் நின்று பாருங்கள், தெரிந்துவிடும்.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். இரண்டாம் நாள் காலை மாமரத்துக்குக் கீழே மண்ணைக் குவித்து ஒரு நிலத்தைச் செய்யச் சொன்னார். குச்சி நட்டு லேன் (ஒருவர் துப்பரவாக்கிக்கொண்டு போகிற ஒடுக்கமான பாதை), கல் வைத்து மருத்துவ இடம், பனங்கொட்டை வைத்து மிதிவெடி. படைகளில் மணல் மாதிரி என்று இதற்குப் பெயர். எத்தனை கணினி வந்தாலும் இளம் அதிகாரிகள் இன்னும் மண்ணைக் குவித்துத்தான் படிக்கிறார்கள். அதைச் சுற்றி நிற்கவைத்து ஒவ்வொருவராக உத்தரவு சொல்லச் சொன்னார். ஐந்து தலைப்பு, ஐந்து விரல். நிலைமை என்ன. எங்கள் வேலை என்ன. அதை எப்படிச் செய்யப்போகிறோம். சாமான், தண்ணீர், சாப்பாடு, காயக்காரரைக் கொண்டுபோகும் வழி. யார் பொறுப்பு, எப்படிக் கூப்பிடுவது. இந்த வரிசை உலகத்தில் பல படைகளில் சின்ன மாற்றங்களோடு ஒன்றுதான். இரண்டாவது விரலை, அதாவது வேலையை, இரண்டு தரம் சொல்ல வேண்டும் என்றார். ஏன் இரண்டு தரம் என்று கேட்டதற்கு, "முதல் தரம் சொல்லேக்கை அவன் வீட்டைப் பற்றி யோசிச்சுக்கொண்டு நிப்பான்" என்றார்.

பிறகு மண்ணில் குச்சியால் மூன்று வட்டம் கீறினார், ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறின மாதிரி. வேலை, அணி, தனி ஆள். ஜோன் அடேர் என்பவர் 1960களில் சான்ட்ஹர்ஸ்டில் படிப்பித்தபோது கொண்டுவந்தது இது. ஒரு வட்டத்தை மறந்தால் மற்ற இரண்டும் இழுபடும் என்பதுதான் சங்கதி. எனக்கு வட்டங்களைவிட வெள்ளைக்காரர் அதற்குச் சொன்ன உதாரணம்தான் நினைவிருக்கிறது. நீண்ட நடை முடிந்தவுடன் இளம் லெப்டினன்ட் தன் ஆட்களின் பூட்ஸைக் கழற்றச் சொல்லி ஒவ்வொருவர் காலாகப் பார்க்க வேண்டுமாம், கொப்புளம் இருக்கிறதா என்று. தான் சாப்பிடுவது அதற்குப் பிறகு, எல்லோரும் சாப்பிட்ட பிறகு. எங்கள் வகுப்பில் ஒரு பெண், "காலைப் பார்க்கிற அதிகாரி எண்டால் நான் நம்புவன்" என்றாள். அதைத் தம்பி மொழிபெயர்க்கவில்லை.

எனக்கு அது கால் இல்லை, கை. முகக்கவசத்துக்குள் முகம் தெரியாது, வெயிலில் எல்லோரும் ஒரே மாதிரி வியர்த்துக்கொண்டு முழங்காலில் இருப்பார்கள். கை மட்டும் தெரியும். றேக் பிடித்திருக்கிற கை. கனத்த றேக்கால் மண்ணைத் தளர்த்தி, மெல்லிய றேக்கால் மெதுவாக வாரியெடுப்பது எங்கள் வேலை. இரவு பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நித்திரை முழித்தவளின் கை அன்றைக்கு அவசரப்படும். ஒரு மீட்டர் அகல லேனில் எட்டிப் பிடிக்கத் தொடங்கும். அதைப் பார்த்தவுடன் இடைவேளைக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தாலும் எழுப்பித் தண்ணீர் குடிக்கவைக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

இந்தப் பயிற்சியில் எங்களுக்கு வந்த பெரிய சண்டை ஒரு சொல்லைப் பற்றியது. ஆபத்து என்றால் ஆளை நிறுத்த நீங்கள் என்ன சொல்லுவீர்கள் என்று கேட்டார். நில்லுங்கோ. நிப்பாட்டுங்கோ. பொறுங்கோ. ஸ்டொப். ஒருவர், "அண்ணை ஒருக்கா நில்லுங்கோ" என்று முழு வசனமே சொன்னார். வெள்ளைக்காரருக்குத் தலை சுற்றியது. ஒரு சொல், எல்லோருக்கும் ஒரே சொல், அதுவும் குறுகிய சொல் வேண்டும் என்றார். அப்படியென்றால் 'நில்'. ஆனால் எப்படி? மாமா வயது ஆளைப் பார்த்து, புருசனையும் பிள்ளையையும் பறிகொடுத்த ஒரு அக்காவைப் பார்த்து, 25 வயதுக்காரி 'நில்' என்று கத்துவதா? வெள்ளைக்காரருக்கு இது ஏன் பிரச்சினை என்றே பிடிபடவில்லை. அவர்கள் மொழியில் ராணியையும் நாயையும் ஒரே சொல்லால் நிறுத்தலாம். நான் தளத்துக்குத் திரும்பி என் செக்சனிடம் இதைச் சுற்றிவளைத்துச் சொல்லிக்கொண்டு நின்றபோது அக்காதான் முடித்துவைத்தா. "வெடி எனக்கு மரியாதை தராது பிள்ளை. நீ நில் எண்டே சொல்லு." அதற்குப் பிறகு லேனுக்குள் 'நில்', லேனுக்கு வெளியே வந்தால் 'அக்கா, வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்'.

இனி நான் விட்ட பிழை.

அப்போது முகமாலைப் பக்கம் வேலை. 2000-லிருந்து 2009 தொடக்கம் வரை இரண்டு பக்கத்துக் காவலரண்களும் எதிரெதிரே நின்ற இடம், தலையில்லாத பனைகள் வரிசையாக நிற்கும், மண் அணைக்கு முன்னால் மண் அணை. அன்று காலை என் செக்சனுக்கு ஐந்து விரலையும் சொன்னேன். அதில் ஒன்று, "மூண்டாம் லேனை இண்டைக்குத் தொட வேண்டாம்." காரணம், பழைய மண் அணைக்கு அந்தப் பக்கம் இன்னொரு செக்சன் அன்றைக்குப் புது லேன் திறக்கிறது. அவர்களுக்கும் எங்கள் மூன்றாம் லேனுக்கும் நடுவில் போதிய இடைவெளி இல்லை. ஒரு பக்கம் வெடித்தால் மற்றப் பக்கத்து ஆளுக்கும் படும். இந்தக் காரணத்தை நான் சொல்லவில்லை. நேரமாகிவிட்டது, வெயில் ஏறுகிறது, சொன்னால் செய்வார்கள்தானே என்று விட்டுவிட்டேன். அக்கா 'ஓம்' என்றா.

அக்கா வேகமான ஆள். பத்தரைக்கெல்லாம் தன் லேனில் அன்றைக்குரியதை முடித்துவிட்டா. மூன்றாம் லேனைத் தொட வேண்டாம் என்றது நினைவிருக்கிறது, தொடவில்லை. நான் மற்றக் கரையில், மண்ணுக்குள் ஏதோ இருக்கிறதென்று கருவி காட்டிய ஒரு சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், என்னைக் குழப்ப வேண்டாம் என்று நினைத்து, சும்மா இருக்காமல் நாலாம் லேனில் இறங்கிவிட்டா. நாலாம் லேன் மண் அணைக்கு இன்னும் கிட்ட.

ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பக்கத்து லீடர் அணைக்கு மேலால் முகக்கவசம் ஒன்று அசைவதைக் கண்டு விசிலடித்தார், இரண்டு பக்கமும் வேலை நின்றது, விசாரணை வந்தது. லேன் மாறும்போது லீடரைக் கேட்டுவிட்டு மாற வேண்டும் என்ற விதி இருந்தது, அதனால் பழி அக்காவின்மேல் போகப் பார்த்தது. நானும் முதலில் அப்படித்தான் சொன்னேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொன்னேன். "நான் சொன்னனான், அவ ஓம் எண்டவ." இரண்டு கிழமை என்னை லீடர் வேலையிலிருந்து எடுத்துத் திரும்பப் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

திரும்பவும் அதே மாமரம், அதே வெள்ளைக்காரர். நடந்ததை மண்ணில் செய்துகாட்டச் சொன்னார். காட்டினேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார்: "ஏன் மூண்டாம் லேன் வேண்டாம் எண்டு அவவுக்குத் தெரியுமா?" அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. காரணம் தெரிந்திருந்தால் அக்கா நாலாம் லேனையும் தொட்டிருக்க மாட்டா, ஐந்தாம் லேனையும் தொட்டிருக்க மாட்டா, நான் சொல்ல மறந்த எதையும் தொட்டிருக்க மாட்டா. 'மூன்றாம் லேன் வேண்டாம்' என்பது ஒரு லேனை மட்டும்தான் காக்கும்.

பிறகு அவர் ஒரு பழைய கதை சொன்னார். 1806-ல் யேனா என்ற இடத்தில் நெப்போலியனிடம் புருசியப் படை படுதோல்வி அடைந்தது. அணிவகுப்பில் பேர்போன படை, ஆனால் வேகமாக மாறுகிற சண்டையில் மேலிருந்து சொல் வருவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. அந்தத் தோல்வியிலிருந்து தொடங்கி, பிறகு மோல்ட்கே என்ற தளபதியின் காலத்தில் முற்றி, ஒரு பழக்கம் வளர்ந்தது: கீழே இருப்பவனுக்கு என்ன வேண்டும், ஏன் வேண்டும் என்று சொல், எப்படிச் செய்வது என்பதை அவனிடம் விடு. இதற்கு வாயில் நுழையாத ஒரு ஜெர்மன் பெயர் இருக்கிறது. இன்றைக்கு அமெரிக்க, பிரிட்டிஷ் படைகளில் லெப்டினன்டுக்குச் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். தனக்கு மேலே இருப்பவரின் நோக்கம் மட்டும் போதாது, அவருக்கும் மேலே இருப்பவரின் நோக்கமும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் திட்டம் குழம்பிப்போன பிறகு கையில் மிஞ்சுவது நோக்கம் ஒன்றுதான். என் நிலைமையில் அது இப்படி: அணைக்கு அந்தப் பக்கம் ஆட்கள் நிற்கிறார்கள், இன்றைக்கு அவர்களுக்குக் கிட்டப் போகக்கூடாது. ஒன்பது சொல். நான் மிச்சம்பிடித்தது அந்த ஒன்பது சொல்லை.

அடுத்ததாக, உத்தரவைக் கேட்டவரே அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்றார். சொன்ன சொல்லைக் கிளிப்பிள்ளை மாதிரி இல்லை, தான் என்ன செய்யப்போகிறேன் என்று தன் சொல்லில். இதற்கும் படையில் தனிப் பெயர், தனி நேரம் எல்லாம் உண்டு. அவர் அதைப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி விளக்கிக்கொண்டிருந்தார். எனக்கு அம்மாவின் நினைவு வந்துவிட்டது.

2009 தொடக்கத்தில் நாங்கள் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று நகர்ந்துகொண்டே இருந்தோம். ஒவ்வொரு தரமும் சைக்கிளில் மூட்டை கட்டி முடிந்தவுடன் அம்மா எங்கள் நாலு பேரையும் வரிசையாக நிறுத்துவா. "பிரிஞ்சு போனா எங்கை சந்திக்கிறது?" என்று இடத்தைச் சொல்லுவா, ஒரு கோயில், ஒரு மரம், ஒரு சந்தி. இருட்டும்வரை அங்கே நிற்க வேண்டும். இருட்டியும் ஒருவரும் வராவிட்டால் சனம் போகிற பக்கம் போக வேண்டும். "திரும்பி வந்து என்னைத் தேடக்கூடாது." பிறகு ஒவ்வொருவராகக் கேட்பா. என் கடைசித் தம்பிக்கு அப்போது ஒன்பது வயது, பயத்தில் எல்லாவற்றுக்கும் 'ஓம் அம்மா, ஓம் அம்மா' என்பான். அம்மா அவனுடைய தாடையைப் பிடித்து நிமிர்த்தி, "ஓம் எண்டு சொல்லாதை. எங்கை எண்டு சொல்லு" என்பா. அவன் சொல்லும்வரை சைக்கிள் உருளாது. சுற்றிவரச் செல் விழுந்தாலும் உருளாது. அப்பா ஏசுவார். ஒரு நாள் அவன் பிரிந்துதான் போனான். பின்னேரம் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சொன்ன சந்தியில், சொன்ன கோயில் வாசலில், முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தான்.

அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவ.

இதை நான் வெள்ளைக்காரரிடம் சொல்லவில்லை. சொன்னால் மொழிபெயர்க்க வந்த தம்பி அதை மொழிபெயர்க்க வேண்டும், அவனும் அந்தப் பாதையால் வந்தவன்தான். ஆனால் அன்றிலிருந்து அந்தப் பயிற்சியைப் பார்க்கிற என் பார்வை மாறியது. வெளியிலிருந்து கொண்டுவந்து தலையில் கட்டுகிறார்கள் என்ற எண்ணம் போய்விட்டது. அம்மா பயத்தில் கண்டுபிடித்ததை இவர்கள் எத்தனையோ ஆட்களை இழந்து, எழுதிவைத்து, 23 வயதுப் பிள்ளைகளுக்குப் பயம் வருவதற்கு முதலே பழக்குகிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

இன்னொரு நாளையும் சொல்லியாக வேண்டும். இளம் அதிகாரிகளுக்குக் களப்பயிற்சி நடக்கும்போது பழக்குபவர் திடீரென்று வந்து, "நீ செத்துவிட்டாய்" என்று தலைவனைப் படுக்கச் சொல்லுவது வழக்கமாம். அவன் படுத்த பிறகு அணி என்ன செய்கிறது என்பதுதான் உண்மையான சோதனை. எங்களுக்குக் காயக்காரரைத் தூக்கும் ஒத்திகை அடிக்கடி நடக்கும், ஆனால் ஒவ்வொரு தரமும் காயக்காரர் வேறு யாராவது, நான் நின்று கட்டளையிடுவேன். ஒரு நாள் வெள்ளைக்காரர் காயக்காரி நான் என்று சொல்லிவிட்டார். ஒத்திகைக்கென்று வைத்திருந்த துப்பரவான நிலத்தில், லேனுக்குள் மல்லாக்கப் படுத்தேன். முகக்கவசத்துக்குள்ளால் வானம் மட்டும் தெரிந்தது.

முதல் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. பிறகு எல்லோரும் ஒன்றாகக் கதைத்தார்கள். வோக்கி எங்கே என்று ஒருவர் கேட்டார், அது என் இடுப்பில்தான் இருந்தது. மருத்துவரை யார் கூப்பிடுவது என்று தெரியவில்லை. ஒருவர் நேராக என்னைத் தூக்க ஓடிவந்தார், லேன் துப்பரவா இல்லையா என்று பார்க்காமல். படுத்தபடி நான் நினைத்தது, இத்தனை மாதமும் எல்லாவற்றையும் நானே என் கையில் வைத்திருந்திருக்கிறேன், அதை வேறு பொறுப்பு என்று நினைத்துப் பெருமைப்பட்டும் இருக்கிறேன்.

அப்போது ஒரு குரல் கேட்டது. "நில்." சத்தமாக இல்லை, ஆனால் எல்லோரும் நின்றார்கள். "நீ வோக்கி. நீ ஸ்ட்ரெச்சர். நீ பின்னாலை போய் ரோட்டிலை நிண்டு அம்புலன்சைக் காட்டு. நான் லேன் பார்த்துக்கொண்டு போறன், எனக்குப் பின்னாலை ஒராள் மட்டும்." அக்கா. எதைச் சொன்னாலும் ஒரே ஒரு 'ஓம்' சொல்லுகிற அக்கா. ஒரு 'ங்கோ'வும் இல்லாமல், நிறுத்தாமல், ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தா. இதையெல்லாம் எங்கே பழகினீர்கள் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. பிறகும் கேட்கவில்லை. அடுத்த நாளிலிருந்து நான் இல்லாவிட்டால் அக்கா என்று ஐந்தாவது விரலில் சேர்த்துக்கொண்டேன்.

வேலை முடிய உட்கார்ந்து நடந்ததைக் கதைப்பது இருக்கிறதே, அதுதான் எங்கள் ஆட்களுக்குக் கடைசிவரை ஒத்துவராதது. அமெரிக்கப் படை 1970களில் இதைத் தொடங்கி, பிறகு கலிபோர்னியாப் பாலைவனத்தில் ஃபோர்ட் இர்வின் பயிற்சி நிலையத்தில் பெரிதாக வளர்த்தது. என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, ஏன், அடுத்த தரம் என்ன செய்வோம். பதவி பார்க்காமல் யாரும் யாருக்கும் சொல்லலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் ஊரில் நாலு பேருக்கு முன்னால் ஒருவரின் பிழையைச் சொன்னால் அது குறை சொல்லுறது. மூன்று நாளைக்கு முகம் பார்க்க மாட்டார்கள், மூன்றாம் நாள் அவருடைய தங்கை உங்கள் வீட்டுக்கு வந்து நியாயம் கேட்பா. நான் செய்து பார்த்ததில் ஒன்றுதான் ஓரளவு வேலை செய்தது: ஒவ்வொரு நாளும் முதல் பிழை என்னுடையது. இண்டைக்குத் தண்ணீர்க் கான் வைத்த இடம் பிழை, வெயிலுக்குள் வைத்துவிட்டேன். இப்படி ஒன்றைப் போட்டால் பிறகு அண்ணை ஒருவர் மெதுவாக, "நானும் குச்சி ஒண்டு விட்டிட்டன்" என்பார். சில நாள் என்னிடம் உண்மையான பிழை இருக்காது, தேடி எடுப்பேன். அநேகமாகக் கிடைக்கும்.

படைப் பயிற்சியில் எனக்கு ஒத்துவராதவையும் இருந்தன, அதையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் இளம் அதிகாரிக்கு வேகத்தைப் பழக்குகிறார்கள். பாதித் தகவலோடு முடிவெடு, காத்திருந்தால் எதிரி முந்திவிடுவான், பிந்தி வருகிற சரியான முடிவைவிட இப்போதே எடுக்கிற ஓரளவு நல்ல முடிவு மேல். எங்கள் எதிரி மண்ணுக்குள் அசையாமல் கிடக்கிறது. சின்ன பிளாஸ்டிக் மூடி மாதிரி ஒரு சாமான், வருடக்கணக்காகக் காத்திருக்கிறது, இன்னும் ஒரு நாள் காத்திருக்கும். அங்கே லெப்டினன்டின் தைரியம் எழும்பி ஓடுவதில் இருக்கலாம், இங்கே அது இன்றைக்கு வேலை போதும் என்று சொல்வதில் இருக்கிறது, அதுவும் மாத முடிவில், துப்பரவாக்கின சதுர மீட்டர் கணக்கு குறைவாக இருக்கும்போது, மேலே ஒருவர் கேட்டுக்கொண்டு நிற்கும்போது. அதற்கு அவரிடம் பாடம் இருக்கவில்லை. அவருடைய அரைவாசிச் சொற்கள் எழுத்துச் சுருக்கங்கள், அதை மனப்பாடம் செய்ததில் எங்களுக்கு இரண்டு நாள் வீணாய்ப் போனது.

மிதிவெடிகளைத் தடைசெய்கிற ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது 2017 டிசம்பரில். அதன்படி 2028-க்குள் நிலம் முழுவதும் துப்பரவாக வேண்டும். 2002 சமாதான காலத்தில் தொடங்கிய வேலை, இடையில் போர் வந்து புதைத்ததையும் சேர்த்து இன்னும் முடியவில்லை. அக்கா வேலையை விட்டு ஒட்டுசுட்டான் பக்கம் தோட்டம் செய்கிறா. நான் இப்போது லேனில் இறங்குவதில்லை, புதிதாக லீடராகிற பிள்ளைகளைப் பழக்குகிறேன். வேறு மரம், அதே மண், அதே பனங்கொட்டை.

போன மாதம் ஒரு பிள்ளை, 24 வயது, முதல் தரம் ஐந்து விரலையும் சொல்லி முடித்தாள். நன்றாகத்தான் சொன்னாள், காரணத்தோடு சொன்னாள், வேலையை இரண்டு தரம் சொன்னாள். அணியில் ஒரு அண்ணை, அம்பது வயதுக்குக் கிட்ட இருக்கும், கையைக் கட்டிக்கொண்டு நின்று, "ஓம் தங்கச்சி" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் ஒருக்கால் என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஓம் வேண்டாம் அண்ணை. நீங்கள் என்ன செய்யப்போறியள் எண்டு சொல்லுங்கோ."

அண்ணை தலையைச் சொறிந்தார். பனங்கொட்டைகளைப் பார்த்தார். மற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

"நீ முதல்லை இருந்து ஒருக்காச் சொல்லு பிள்ளை," என்றார், "நான் வீட்டைப் பற்றி யோசிச்சுக்கொண்டு நிண்டிட்டன்."